இடது முன்சக்கரம்

'திண்டுக்கல் 16' என்று எழுதியிருந்த கல்லைத் தாண்டிய மறுநொடியில் வண்டி எதன் மீதோ ஏறி இறங்கியது. பெரிய குலுக்கல் ஒன்றும் இல்லை. முதலில் இடது முன்சக்கரம், அரைநொடி கழித்து இடது பின்சக்கரம். அவ்வளவுதான். வினோலியா சட்டென்று பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினாள். கண்ணாடியில் பார்த்தாள். இறங்கி நடந்துபோயும் பார்த்தாள். போன மாதம்தான் புதிதாகத் தார் போட்ட சாலை, இஸ்திரி போட்ட கறுப்புத் துணி மாதிரி செம்பட்டிப் பக்கமாக நீண்டு கிடந்தது. வேகத்தடை இல்லை, பள்ளம் இல்லை, அடிபட்ட நாய் இல்லை, மூட்டை இல்லை. மாலை வெயில் தென்னந்தோப்புக்குள் சாய்ந்துகொண்டிருந்தது. தோப்புக்கு அந்தப்புறம் இருந்த நார் மில்லிலிருந்து ஊறிய தேங்காய் மட்டையின் புளித்த வாசனை காற்றோடு வந்து முகத்தில் பட்டது.

அவள் திரும்பி வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை கூசியது.

வினோலியாவுக்குப் பதினோரு வருஷமாகக் கைதான் பிழைப்பு. செம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறாள். மண்வெட்டி பிடித்து மரத்துப்போன தோள், தென்னையிலிருந்து விழுந்து ஒடிந்து சேர்ந்த கால், வாதத்தில் இழுத்துக்கொண்ட விரல் என்று நாளெல்லாம் தொட்டுத்தொட்டு, எக்ஸ்ரேயைப் பார்க்காமலேயே உள்ளே என்ன கிடக்கிறது என்று அவளுடைய கை சொல்லிவிடும். அந்தக் கை இப்போது ஒன்றைச் சொன்னது. கல்லின் மேல் ஏறினால் வண்டி துள்ளும். பள்ளத்தில் இறங்கினால் விழும். இது துள்ளவும் இல்லை, விழவும் இல்லை. அமுங்கியது. அமுங்கியதற்கு அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. மேலே தோல், அதற்குக் கீழே தசை, அதற்கும் கீழே...

அதற்கு மேல் நினைக்காமல் சாவியைத் திருகினாள்.

அந்த வண்டி அவளுக்குக் கிடைத்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டே சீட்டு. மேலே கேன்வாஸ் கூரை, வேண்டுமானால் மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். உடம்பு முழுக்க ஃபைபர். முழங்கால் உயரத்தில் உட்கார்ந்தால் தார்ச்சாலை கைக்கெட்டும் தூரத்தில் ஓடும். பார்க்கிறவர்கள் ரேஸ் வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டி இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடக்கும். நூறைத் தாண்டச் சொன்னால் மூக்கால் அழும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் ரொனால்டு கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து, ஒரு சாதாரணக் காரின் விலையில் பாதிக்கு அதை வாங்கிவந்தபோது மரியநாதபுரத்துத் தெருவே கூடி நின்று சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க," என்றான் ரொனால்டு. "இது ஓடுற வண்டி இல்ல. வளையுற வண்டி."

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குப் போவான். கொண்டை ஊசி வளைவுகளில் வேகத்தைக் குறைக்காமல், கையை லேசாகத் திருப்பினால் போதும், நினைத்த கோட்டில் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். பெரிய இன்ஜின் வைத்த வண்டிகளெல்லாம் வளைவில் தடுமாறி நிற்கும்போது இது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். "ரோட்டுல ஒரு புளியங்கொட்ட கெடந்தாலும் ஸ்டீயரிங் எனக்குச் சொல்லிரும் வினோ," என்பான். அவளை ஒருநாளும் ஓட்டவிட்டதில்லை. துடைப்பதற்குக்கூட வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

போன வருஷம் ஐப்பசியில் திடீரென்று அதன் சிவப்பை மாற்றி நீலம் அடித்துக்கொண்டு வந்தான். "உனக்கு நீலம்தானே புடிக்கும்?" என்றான். அவள் மனம் குளிர்ந்துபோனது. இந்த ஜூன் மாதம் அவள் பிறந்தநாளுக்கு, கேக்குக்குப் பக்கத்தில் ஓர் உறையை வைத்தான். உள்ளே ஆர்.சி. புத்தகம். அவள் பெயரில். அவளுக்குத் தெரியாமலேயே கையெழுத்து வாங்கியிருந்தான், ஏதோ வங்கித் தாள் என்று நினைத்துப் போட்டது. அவள் அழுதேவிட்டாள். தன் உயிராக நினைக்கிற ஒன்றை இப்படித் தூக்கிக் கொடுக்கிற மனிதன் யாருக்கு வாய்ப்பான் என்று அன்று படுக்கும்போது நினைத்துக்கொண்டாள். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து அவனே ஊருக்குள் ஓட்டப் பழக்கினான். திங்கட்கிழமை, பஸ்ஸை விட்டுவிட்டு, முதல்முறையாக அவள் தனியாகச் செம்பட்டிக்கு ஓட்டிப்போனாள். திரும்பும்போதுதான் இது.

வீட்டில் காபியை நீட்டியபடியே சொன்னாள். "வாற வழில ஒரு எடத்துல வண்டி ஏறி எறங்குச்சுங்க. என்னன்னு பார்த்தா ஒன்னையும் காணோம்."

டம்ளர் அவன் உதட்டுக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் நின்றது. "எந்த எடத்துல?"

"பதினாறாவது கல்லுகிட்ட."

"ரோட்டு மேடா இருக்கும்," என்று காபியைக் குடித்தான். சூடு ஆறாத காபியை ஒரே மடக்கில் குடித்தான்.

மறுநாள் பதினாறாவது கல்லுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து ஊர்ந்தாள். ஒன்றும் இல்லை. சாலை பட்டுப்போல் இருந்தது. சிரித்துக்கொண்டு கியரை மாற்றினாள். பதினைந்தாவது கல்லை நெருங்கும்போது இடது முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. அதே மென்மை. அதே கெட்டி.

புதன்கிழமை பதினைந்துக்கும் பதினான்குக்கும் நடுவில், மூடிக்கிடந்த பெட்ரோல் பங்குக்கு எதிரே. வியாழக்கிழமை பதின்மூன்றைத் தாண்டி. வெள்ளிக்கிழமை பயந்துபோய்ப் பஸ்ஸில் போனாள். பஸ்ஸில் இடப்பக்கச் சக்கரத்துக்கு நேர்மேலே இருந்த சீட்டைத் தேடி உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு வந்தாள். திண்டுக்கல் வரும்வரை ஒன்றும் இல்லை. மனம் லேசாகி, சனிக்கிழமை வண்டியை எடுத்தாள். அது பதினொன்றாவது கல்லருகில் காத்திருந்தது. அவள் வராத நாளிலும் அது நிற்கவில்லை.

ஒவ்வொரு நாள் மாலையும் ரொனால்டு கேட்டான். "இன்னைக்கு எங்க?" டைல்ஸ் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, அவள் வருவதற்கு முன்பே வாசலில் வந்து நின்று கேட்டான். அவள் சொல்லுவாள். அவன் தலையாட்டிக்கொள்வான். தனக்காக இவ்வளவு கவலைப்படுகிறானே என்று அந்தப் பயத்திலும் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

"ஒருக்கா நீங்க ஓட்டிப் பாருங்களேன்," என்றாள்.

"நான் எதுக்கு? உன் வண்டி. உன் பேருல இருக்கு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆர்.சி. மாறிய பிறகு, பழக்கிய ஒரு வாரத்தில்கூட, அவன் அந்த ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

நாகல் நகரில் மெக்கானிக் ஸ்டீபன்ராஜிடம் காட்டினாள். அந்த வண்டியின் நட்டு போல்ட்டு எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அடியில் படுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை ஆட்டி, அரைமணி நேரம் பார்த்தான். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"வண்டில ஒரு கொறையும் இல்லக்கா. ஏறி எறங்குச்சுன்னா எது மேலயோ ஏறி எறங்கியிருக்கு. பெரிய வண்டில எல்லாம் மெத்த போட்டுத் தந்துர்றான், அடியில என்ன கெடக்குன்னே தெரியாது. இது உள்ளத உள்ளபடி சொல்லும். பொய் சொல்லத் தெரியாத வண்டிக்கா இது."

"அந்த எடது பக்கமா எதும்..."

"இடது மட்கார்டு நான் ஒட்டுனதுதான். போன ஐப்பசில ஒடச்சுக் கொண்டாந்தாரே அண்ணன். அதுக்குத்தானே செவப்ப எடுத்துட்டு நீலம் அடிச்சது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "மாடு குறுக்க வந்துருச்சுன்னு சொன்னாரே. உங்கள்ட்ட சொல்லலையாக்கா?"

மாடு. வழியெல்லாம் அந்த ஒரு சொல்லை உருட்டிக்கொண்டே வந்தாள். பயப்படுவாளே என்று சொல்லாமல் விட்டிருப்பான். நீலம் அவளுக்காக அடித்ததில்லை என்பதுதான் உள்ளே எங்கோ முள்ளாகக் குத்தியது. ஆனாலும் நம்புவதற்கு ஒரு மாடு போதுமாக இருந்தது.

மறுநாள் மருத்துவமனையில் ராமுத்தாய் வந்திருந்தாள். அறுபது வயது, தோள் பிடித்துக்கொண்டு கை தூக்க முடியாமல் மூன்று வாரமாக வருகிறாள். வினோலியா தோள்பட்டையை அழுத்திக்கொண்டே, பேச்சுக்கு, எந்த ஊர் என்று கேட்டாள்.

"பதினாறாவது கல்லுக்கு மேக்க, நார் மில்லு இருக்குல்ல தாயி, அதுக்குப் பின்னாடி." ராமுத்தாய் கண்ணை மூடியபடியே பேசினாள். "இந்தத் தோளு புடிச்சதே எந்தங்கச்சியத் தூக்கி ஒக்கார வச்ச அன்னைக்குத்தான். பழனியம்மா. மில்லுல வேல முடிச்சு வெளிய வந்தவள, மழையில ஒருத்தன் காரக் கொண்டாந்து அடிச்சுப்புட்டு நிக்காமப் போய்ட்டான். போன ஐப்பசில."

வினோலியாவின் விரல்கள் நின்றன.

"அடிச்ச எடத்துலயே செத்துருந்தாக்கூட மனசு ஆறிருக்கும். சாகல தாயி. இடுப்பு நொறுங்கிப்போச்சு. கத்திப் பாத்துருக்கா, மழச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? முழங்கைய ஊனி ஊனித் தவழ்ந்து வந்துருக்கா. வீட்டப் பாத்து இல்ல. திண்டுக்கல்லுப் பக்கமா. அந்தக் காரு போன பக்கமா. விடிஞ்சு நாங்க கண்டுபுடிக்கும்போது உசுரு இல்ல, முழங்கையில தோலே இல்ல, எலும்பு தெரியுது." ராமுத்தாய் மூச்சிழுத்தாள். "போலீஸ்காரங்களுக்குக் கெடச்சது ஒரே ஒரு சில்லுதான். செவப்பா. தகரங்கூட இல்லையாம், பிளாஸ்டிக்கு மாதிரி என்னமோ."

"வலிக்குது தாயி," என்றாள் ராமுத்தாய். தன் விரல்கள் அந்தத் தோளை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தன என்று அப்போதுதான் வினோலியாவுக்குத் தெரிந்தது.

அன்று மாலை வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் இடது மட்கார்டின் உள்விளிம்பைச் சாவி முனையால் சுரண்டினாள். நீலம் பொடியாக உதிர்ந்தது. அடியில் சிவப்பு.

அவளுக்குத் தொழில் தெரியும். வேண்டாம் வேண்டாம் என்று மனம் கெஞ்சியபோதும் அவள் மூளை கணக்குப் போட்டது. இடுப்பெலும்பு நொறுங்கிய ஒருத்தி. கால் இரண்டும் இழுபடும். முழங்கைகளை முன்னே வைத்து, மார்பை இழுத்து, ஒரு தடவைக்கு ஒரு சாண். நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஒரு சாண். விடாமல் வந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வரலாம்? ஒரு கிலோமீட்டர். மிஞ்சிப்போனால் ஒன்றரை.

அன்று அது ஏழாவது கல்லில் இருந்தது.

"இன்னைக்கு எங்க?" என்றான் ரொனால்டு வாசலில்.

"ஏழு," என்றாள். அவன் உதடு ஓசையில்லாமல் அசைந்தது. ஏதோ நாட்களை எண்ணுகிறவன் போல.

"போன ஐப்பசில வண்டிக்கு என்ன ஆச்சுங்க?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, தெருமுனையைப் பார்த்தான். "மாடு," என்றான். "சாப்டியா?"

பதினோரு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனிடம் அதற்கு மேல் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அதுதான் பயமாக இருந்தது. சாவியைக் கண்ணாடி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். இனி இதை ஓட்டுவதில்லை. பஸ்ஸில் போனாள், பஸ்ஸில் வந்தாள். திங்கள் போயிற்று, செவ்வாய், புதன். ஓட்டாவிட்டால் அது எதன் அடியில் வந்து கிடக்கும்? எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வண்டி போர்ட்டிகோவில் நீலமாக, தாழ்வாக, தெருவைப் பார்த்தபடி நின்றது. ரொனால்டு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். சாப்பிடும்போது காலைத் தூக்கி நாற்காலியில் மடக்கி வைத்துக்கொள்ளும் புதுப் பழக்கம் மட்டும் அவனுக்கு வந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தான். "நெலக்கோட்ட வீட்டுல மோட்டார் ஓடலையாம். பார்த்துட்டு நாளைக்கு வாரேன்." செத்துப்போன அவன் பெற்றோரின் வீடு, மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவில் பூட்டியே கிடப்பது. ஸ்கூட்டரில் ஏறினவன், தெருமுனைக்குப் போவதற்குப் பதிலாக எதிர்ப்பக்கச் சந்தில் சுற்றிக்கொண்டு போனான். அவள் கேட்டருகில் நின்று கையசைத்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறரை மணிக்கு வானம் கறுத்தது. கரண்டு போனது. தெருவில் யாரோ கொடியிலிருந்து துணியை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். போர்ட்டிகோவுக்குள் சாரல் அடிக்கும், வண்டியின் கூரை திறந்து கிடந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போய், ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, கேன்வாஸை முன்னுக்கு இழுத்துக் கொக்கியை மாட்டினாள். இன்ஜினைப் போடவில்லை. வண்டி நின்ற இடத்தில் நின்றது. வெளியே முதல் துளிகள் விழுந்தன. மண் வாசனை எழுந்தது. அதற்கு அடியில், மெல்ல, வேறொரு வாசனை. ஊறிய மட்டையின் புளித்த வாசனை. திண்டுக்கல்லில், மரியநாதபுரத்தில், நார் மில்லே இல்லாத தெருவில்.

அப்போது வண்டியின் இடது முன்பக்கம் உயர்ந்தது.

மெதுவாக. மூச்சு இழுத்த நெஞ்சு உயர்கிற மாதிரி. உயர்ந்து, நின்று, இறங்கியது. நின்றுகொண்டிருக்கிற வண்டி. பிறகு இடது பின்பக்கம். உயர்ந்தது. அது மட்டும் இறங்கவில்லை.

மடியில் கிடந்த செல்போன் அடித்தது. ரொனால்டு.

அவள் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மழைச் சத்தம். அவன் குரல் மிகத் தாழ்ந்து வந்தது.

"வந்துருச்சா?"

அந்த ஒரு வார்த்தை உள்ளே இறங்கி, அவள் இத்தனை நாள் பூட்டி வைத்திருந்த ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனது. கேக்குக்குப் பக்கத்தில் இருந்த உறை. தெரியாமல் போட்ட கையெழுத்து. வாசலில் நின்று தினமும் கேட்ட கேள்வி. அவன் எண்ணிக்கொண்டிருந்தான். அவளுக்காக இல்லை.

"வினோ, கேளு. எனக்கு வைகாசில ஆரம்பிச்சு நம்ம தெருமொன வரைக்கும் வந்துருச்சு. நான் என்ன செய்ய? அன்னைக்குத்தான் உன் பேருக்கு மாத்துனேன். மாத்துனதும் நின்னுபோச்சு. மறுபடி மொதல்ல இருந்து வரும்னு சத்தியமா தெரியாது. தெரிஞ்சப்ப..." அவன் குரல் உடைந்தது. "நீ நல்லவ வினோ. ஒன்னைய ஒன்னும் செய்யாதுன்னு நெனச்சேன்."

"அவ உசுரோட இருந்தாளா?" என்றாள் வினோலியா. "நீங்க போகும்போது."

மழைச் சத்தம்.

"கையத் தூக்குனா," என்றான். "கண்ணாடியில பார்த்தேன்."

பின்பக்கம் தொப்பென்று இறங்கியது. அவள் போனை வீசிவிட்டுச் சாவியைத் திருகினாள். இன்ஜின் பிடித்தது. திறந்திருந்த கேட்டைத் தாண்டித் தெருவில் பாய்ந்தாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. தெருமுனை வந்தபோது கை தானாகத் தெற்கே திருப்பியது. மதுரை ரோடு. கொடைரோடு. அங்கிருந்து நிலக்கோட்டை. அவளுக்குத் தெரிந்த வழிதான்.

நால்வழிச் சாலையில் லாரிகள் தண்ணீரைச் சுவராக எழுப்பிக்கொண்டு கடந்தன. அவள் காத்திருந்தாள். ஒவ்வொரு கல்லிலும் காத்திருந்தாள். ஏறவில்லை, இறங்கவில்லை. சாலை வழவழவென்று கையில் வந்தது. விட்டுவிட்டேன், என்று நினைத்தாள். அது ஊர்ந்து வருவது. நான் வண்டியில் போகிறேன். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கொடைரோட்டில் வண்டியை வலப்பக்கம் திருப்பினாள்.

வலப்பக்கம் திரும்பினால் எந்த வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் சாயும். இந்த வண்டி எவ்வளவு சாயும் என்று அவள் கைக்குத் தெரியும். ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு. இரண்டு ஆள் இருந்தால் எவ்வளவு. சிறுமலை வளைவுகளில் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து பழகிய உடம்பு அவளுடையது.

இரண்டு ஆள் அளவுக்குச் சாய்ந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பொய் சொல்லத் தெரியாத வண்டி. அடுத்த வளைவிலும் சொன்னது. அதற்கடுத்த வளைவிலும். இடப்பக்கம் கனம். மெலிந்த கனம், நாற்பத்தைந்து கிலோ இருக்கும். ஈரத் துணி சீட்டில் உரசியது. ஊறிய நார் வாசனை மூக்கை அடைத்தது. கியர் மாற்றக் கையை இறக்க வேண்டும். இறக்கவில்லை. மூன்றாவது கியரிலேயே இன்ஜின் அலற ஓட்டினாள். இடது முழங்கைக்கு அருகில் காற்று சில்லிட்டிருந்தது.

"பழனியம்மா," என்றாள். "ஓட்டுனது நான் இல்ல. என் பேருலதான் இருக்கு. ஓட்டுனது நான் இல்ல."

வைப்பர் இப்படியும் அப்படியும் போனது. கண்ணாடியின் இடது பாதியில் மட்டும், உள்பக்கத்திலிருந்து, ஒரு வட்டம் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

நிலக்கோட்டையைத் தாண்டி மண்பாதையில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் மல்லிகைச் செடிகள் இருட்டில் குந்தியிருந்தன. வீட்டு வாசலுக்குப் பத்தடி முன்னால் நிறுத்தினாள். ஹெட்லைட் வெளிச்சத்தில் ரொனால்டு நின்றான். போனைக் காதில் வைத்திருந்தான். அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான்.

வண்டியைக் கண்டதும் அவன் முகம் ஒரு கணம் அவளைப் பார்த்து மலர்ந்தது. அவள் உயிரோடு வந்துவிட்ட நிம்மதி. அது உண்மையான நிம்மதிதான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பிறகு அவன் பார்வை நகர்ந்தது. பக்கத்துச் சீட்டுக்கு.

அவன் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்தது. பின்னாலேயே நடந்து, படியில் தடுக்கி விழுந்து, எழுந்து, உள்ளே ஓடினான். கதவு அறைந்து மூடியது. தாழ்ப்பாள். மேல் தாழ்ப்பாள்.

வண்டியின் இடப்பக்கம் உயர்ந்தது.

இந்தத் தடவை உயர்ந்தே இருந்தது. கனம் இறங்கிப் போனதைச் சீட்டின் வழியாக, முதுகின் வழியாக, இரண்டு உள்ளங்கைகளின் வழியாக வண்டி அவளுக்குச் சொன்னது. கதவு திறக்கவில்லை. மூடியேதான் இருந்தது.

ஈரச் செம்மண்ணில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் பின்னால், அகலமாக ஒரு கோடு. ஒரு சாண். நின்றது. மறுபடி இரண்டு குழி. ஒரு சாண். ஹெட்லைட் வெளிச்சத்தில் கோடு வாசலைப் பார்த்து வளர்ந்தது. அவசரமே இல்லாமல். பதினாறு கல் தூரம் வந்தவளுக்குப் பத்தடி ஒரு தூரமா?

முதல் படி. இரண்டாம் படி. படியில் ஈரம் பரவியது.

தட்டும் சத்தம் கேட்டது.

கதவின் அடியில். முழங்காலுக்கும் கீழே, தரையோடு படுத்திருக்கிற ஒருவருக்குக் கையெட்டும் உயரத்தில். டொக். டொக். பொறுமையாக. கெட்டியான ஏதோ ஒன்றால். எலும்பால்.

"வினோ?" உள்ளேயிருந்து அவன் குரல் மெலிந்து வந்தது. "வினோ, தட்டுறது நீதானா?"

டொக். டொக்.

"நீதான்னு ஒரு வார்த்த சொல்லு வினோ. தொறக்குறேன். நீதானே? கோவமாத்தானே தட்டுற?" அவன் அழுதுகொண்டிருந்தான். "சொல்லும்மா. சொன்னாப் போதும்."

வினோலியா இன்ஜினை அணைத்தாள். அமைதி வந்து கவிந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டியது. தட்டும் சத்தமும் நின்றுவிட்டது. கதவுக்கு இந்தப்புறம் இருந்ததும் அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தது.

அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"நாந்தாங்க," என்றாள். தினமும் மாலை வேலை முடிந்து வந்து சொல்கிற அதே குரல். "தொறங்க."

மேல் தாழ்ப்பாள் விலகியது. பிறகு நடுத் தாழ்ப்பாள். கதவு திறந்தது. செல்போன் வெளிச்சத்தை நீட்டியபடி ரொனால்டு நின்றான். நேராகப் பார்த்தான், ஆள் நிற்கிற உயரத்தில். அங்கே யாரும் இல்லை.

பிறகு, மெல்ல, வெளிச்சத்தைக் கீழே இறக்கினான்.